துயரத்தின் அசலைக் கொண்டுவரவும்

உலக இலக்கிய வரலாற்றை இனிமேல் எழுதப் புகுவோர், இதுவரை எழுதியதையெல்லாம் அடித்துவிட்டு, நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊர் நெல் கொள்முதல் நிலையத்திலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கும். ஊரின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் நாளைக்கே ஆராய்ச்சி மாணவர்கள் கூட்டமாகப் பேருந்தில் வந்து இறங்கி, வரப்பில் நடக்கத் தெரியாமல் வயலை மிதித்துத் துவைத்துவிடுவார்கள்.

அந்த நிலையத்தின் பட்டியல் எழுத்தர் திரு. பெரியநாயகசாமி அவர்கள். நெல்லை எடை போடச் சொல்லி, பட்டியல் எழுதி, கையெழுத்துப் போடும் அதிகாரம் படைத்தவர். அரசாங்கம் அவருக்குக் கொடுத்தது 'எழுத்தர்' பதவி. 'எழுத்தாளர்' பதவியை அவரே தமக்குக் கொடுத்துக்கொண்டார். 'ஈரநெஞ்சன்' என்ற புனைபெயரும் சொந்த ஏற்பாடுதான். நான் ஜெரால்ட். அதே நிலையத்தில் உதவியாளன். விவசாயிகள் கொண்டுவரும் நெல்லில் ஒரு பிடி எடுத்துக் கருவியில் போட்டு, ஈரப்பதம் எவ்வளவு என்று பார்த்துச் சொல்வது என் வேலை. 'ஈரநெஞ்சன் வாசகர் வட்ட'த்தின் செயலாளரும் நானே. தலைவர் ஈரநெஞ்சன். உறுப்பினர்கள் விரைவில் சேர்க்கப்படுவார்கள்.

அவருடைய நடப்புப் பணிகளைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். ஆறு வழிச்சாலை, மேம்பாலம் முதலிய நடப்புப் பணிகளைப் போலவே அவையும் நடந்துகொண்டே இருந்தன. பூம்புகாரைக் களமாகக் கொண்ட சரித்திர நாவல் ஒன்று. அதில் மாலுமி ஒருவன் கப்பலில் ஏறுவதற்காக ஒரு காலைத் தூக்குகிறான். நான் வேலையில் சேர்ந்த வருஷம் தூக்கியவன், இன்னும் வைக்கவில்லை. "அவன் ஏன் கப்பல் ஏறுறான்னு அவன் மனசு எனக்கு இன்னும் சொல்லல ஜெரால்ட்" என்பார் ஈரநெஞ்சன். பட்டுக்கோட்டைத் தேங்காய் வியாபாரக் குடும்பம் ஒன்றின் நான்கு தலைமுறைக் கதை இன்னொன்று. முதல் தலைமுறை இன்னும் மரத்திலிருந்து இறங்கவில்லை. ரயில்வே கேட் மூடியிருக்க, காதலன் ஒருபுறமும் காதலி மறுபுறமும் நிற்கும் நாவலும் உண்டு. கேட் இன்னும் திறக்கவில்லை. எங்கள் பகுதி மக்கள் ஒரு சந்தேகமும் இல்லாமல் நம்பிய ஒரே பகுதி அதுதான்.

இப்படியாகப் பல பெருநாவல்கள் அவருடைய மேசைக்குப் பின்னால் கட்டுக்கட்டாக அடுக்கப்பட்டிருந்தன. அரசாங்கச் சாக்குக் கட்டுகளுக்கு அந்த அறையில் இடமில்லாமல் போனதால், அவற்றை வெளியே வைத்திருந்தோம். எலிகள் சாக்கைக் கடித்தன. நாவல்களைத் தொடவில்லை.

இந்த நிலையில்தான் இணையவழிப் பயிற்சி ஒன்றில் அவர் சேர்ந்தார். 'உணர்வுபூர்வமாக நம்பத்தக்க கதாபாத்திரங்களை உருவாக்குவது எப்படி?' என்பது அதன் தலைப்பு. திருச்சியிலிருந்து அனிட்டா மேடம் என்ற கதைப் பயிற்றுநர் கைப்பேசித் திரையில் வந்து வகுப்பெடுத்தார். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஓர் ஆசை வேண்டும், ஓர் அச்சம் வேண்டும், கட்டாயம் ஓர் 'உள்ளக் காயம்' வேண்டும் என்றார். பாத்திரத்தை நெருக்கடியில் தள்ளுங்கள், தள்ளிவிட்டு அது என்ன செய்கிறது என்று பாருங்கள் என்றார். ஈரநெஞ்சன் மூட்டையை எண்ணுவதை நிறுத்திவிட்டுக் குறிப்பெடுத்தார்.

"சார், உங்க கதாநாயகிய எடுத்துக்கங்க. திடீர்னு மழை வருது. அவ என்ன பண்ணுவா?" என்று கேட்டார் அனிட்டா மேடம்.

ஈரநெஞ்சன் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தார். முகம் வாடிவிட்டது. பிறகு உறுதியோடு நிமிர்ந்து, "நேர்ல பாத்துட்டுச் சொல்றேன் மேடம்" என்றார்.

சான்றிதழ் வந்தது. சட்டம் போட்டு, விலைப்பட்டியல் தொங்கிய ஆணியில் மாட்டினோம்.

இங்கே அவருடைய நேர்மையைப் பற்றி ஒரு வார்த்தை. கொள்முதல் நிலையம் என்றாலே மூட்டைக்கு இவ்வளவு என்று கை நீட்டுவார்கள் என ஒரு பேச்சு ஊர் உலகத்தில் உண்டு. ஈரநெஞ்சன் ஒரு பைசா தொட்டதில்லை. ஒரு விவசாயி பழக்க தோஷத்தில் காகிதத்துக்கு அடியில் எதையோ மடித்து வைத்தபோது, அதைத் திருப்பித் தள்ளி, "இதெல்லாம் எனக்கு வேணாம்யா. ஒன் மனச தொறந்து காட்டு" என்றவர் அவர். அந்த விவசாயி பயந்துபோய், நெல்லை விற்காமலே வீட்டுக்குப் போய்விட்டார்.

குறுவை அறுவடை முடிந்து, டிராக்டர் டிராக்டராக நெல் வந்து களத்தில் குவிந்துகொண்டிருந்த நேரம். ஒரு காலை, அறிவிப்புப் பலகையில் ஈரநெஞ்சன் தம் கையாலேயே எழுதினார்: 'சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் நகல்களையும், துயரத்தின் அசலையும் கொண்டுவரவும்.' வரிசை முறை ஒழிக்கப்பட்டது. யார் முன்னால் வந்தார் என்பது முக்கியமில்லை, யார் மனத்தைத் தொட்டார் என்பதே முக்கியம் என்ற மகத்தான கொள்கை எங்கள் நிலையத்தில் அமலுக்கு வந்தது.

முதலில் வந்தவர் மேலத்தெரு இராஜாங்கம். நல்ல உழைப்பாளி. இலக்கியப் பரிச்சயம் கிடையாது.

"வாங்க இராஜாங்கம். உக்காருங்க. உங்க உள்ளக் காயம் என்ன?"

"காயமா சார்? அறுப்பு மெஷின் வந்தப்ப கம்பி கிழிச்சிட்டுது. கட்டுப் போட்டாச்சு."

"வெளிக்காயம் இல்ல. உள்ள."

"உள்ளயா? ஸ்கேன் எடுக்கலீங்களே."

ஈரநெஞ்சன் பொறுமையாக விளக்கினார். வாழ்க்கையில் தாங்க முடியாத இழப்பு எதுவோ அதைச் சொல்ல வேண்டும். இராஜாங்கம் தலையைச் சொறிந்தார். குவியலைத் திரும்பிப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். பிறகு துணிந்து, "பசுமாடு செத்துப்போச்சு சார்" என்றார்.

"எப்ப?"

"எப்ப செத்தா உங்களுக்குத் தோதுப்படும்?"

"அழுதிங்களா?"

"அழுதேன் சார். சத்தமா."

ஈரநெஞ்சன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பசு செத்தத நம்புறேன். நீங்க அழுதத நம்ப முடியல. உணர்ச்சி மேலாப்புல நிக்குது, ஆழத்துக்குப் போகல. வீட்டுக்குப் போயித் திருத்திக்கிட்டு நாளைக்கு வாங்க."

மறுநாள் இராஜாங்கம் வந்தார். பசுவுக்கு இப்போது ஒரு பெயர் இருந்தது, இலட்சுமி. அவர் பெரிய மகள் பிறந்த அன்று அதுவும் பிறந்ததாம். மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய அன்று அது புல்லைத் தொடவில்லையாம். "உசுரு போறப்ப எம் வேட்டி நுனிய வாயில கவ்விக்கிட்டுது சார். நான் இழுத்துப் பாக்குறேன், வுடமாட்டேங்குது. வேட்டிய அவுத்து அது மேல போத்திட்டு, துண்டோட வீட்டுக்கு வந்தேன்" என்றார். ஈரநெஞ்சன் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். மதியத்துக்குள் இராஜாங்கத்தின் மூட்டைகள் அத்தனையும் தராசில் ஏறி இறங்கின. அன்று மாலை டீக்கடையில் நாங்கள் குடித்த டீயும் இலட்சுமியின் பால்தான்.

செய்தி பரவாமல் இருக்குமா? அந்த வாரம் எங்கள் ஊரில் செத்துப்போன மாடுகள், இருந்த மாடுகளைவிட அதிகம். ஒருவர் வெளிநாட்டில் நன்றாக இருக்கும் தம்பியைக் கடலில் மூழ்கடித்தார். இன்னொருவர், தமக்குப் பேச வராது என்று சொல்லி, பக்கத்து ஊரிலிருந்து ஒப்பாரி பாடும் அம்மாள் ஒருவரை ஆட்டோ வைத்துக் கூட்டிவந்தார். ஈரநெஞ்சன் கேட்டுவிட்டு, "கொரல் அருமை. ஆனா இது உங்க பாத்திரத்தோட கொரல் இல்லியே" என்று திருப்பி அனுப்பினார். டீக்கடையில் விவசாயிகள் உரம், பூச்சிமருந்து பேசுவதை விட்டுவிட்டு, முதல் வரியிலேயே அழலாமா, முடிவுக்கு வைத்துக்கொள்ளலாமா என்று விவாதித்தார்கள். டெல்டாவில் இலக்கியம் இவ்வளவு செழித்த பருவம் வேறில்லை என்பேன்.

இந்த மாபெரும் இயக்கத்துக்கு ஒத்துழைக்காதவர் ஒரே ஒருவர்தான். அம்சவல்லி.

அவர் அப்பா காலம்வரை அந்தக் குடும்பம் அடுத்தவர் வயலில் நட்டுக் களைபறித்த குடும்பம். இப்போது வாய்க்கால் ஓரத்தில் கொஞ்சம் நிலம், அம்சவல்லி பெயரிலேயே பட்டா. கணவர் கட்டட வேலைக்கு வெளியூர் போயிருந்தார். மகள் அறிவுமதி தஞ்சாவூரில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். அம்சவல்லியின் குறுவை நெல்லைக் கருவியில் போட்டவன் நான். ஈரப்பதம் வரம்புக்கு வெகு கீழே. கையில் எடுத்தால் கலகலவென்று சத்தம் போடும் நெல். எடை போட எந்தத் தடையும் இல்லை, இலக்கியத் தடை ஒன்றைத் தவிர.

"சொல்லும்மா" என்றார் ஈரநெஞ்சன்.

"என்னத்தச் சொல்ல? நெல்லு கெடக்கு. எடை போடுங்க சார்."

"அது கெடக்கட்டும். மனசுல என்ன ஓடுது?"

"அடுத்த போகம் தாளடிக்கு விட்ட நாத்து முத்திக்கிட்டிருக்கு. இந்த வாரத்துல பறிச்சு நட்டாத்தான் தூரு கட்டும். இத இங்க விட்டுட்டு அங்க போவ முடியல. கொஞ்சம் அசந்தா ஆடு வாய வைக்குது."

"அது வெவரம்மா. உணர்ச்சி என்ன?"

அம்சவல்லி யோசித்தார். "ஆட்டப் பாத்தா கோவம் வருது."

"அழணும்போல இல்லியா?"

"நான் அழுதா நெல்லுல ஈரந்தான் ஏறும். அப்பறம் அதுக்கும் வேணாம்பீங்க."

ஈரநெஞ்சன் ஆடிப்போய்விட்டார். அந்த அம்மாள் குவியலுக்குத் திரும்பிப் போய், கம்பை எடுத்து ஆட்டை விரட்டுவதையே சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு புதுக் கட்டுத் தாளைப் பிரித்தார். அன்று சாயங்காலத்துக்குள் ஓர் அத்தியாயம் முடிந்துவிட்டது. ஓர் அத்தியாயம் முடிவதை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. நாவலின் பெயர் 'காத்திருப்பவள்'.

அடுத்த நாள் வாசகர் வட்டத்தின் அவசரக் கூட்டம் சாக்குக் கொட்டகையில் கூடியது. தலைவர் தலைமை வகித்தார். செயலாளர் வரவேற்றார். வந்திருந்தோர் அனைவரும் மேடையிலேயே இருந்ததால் பார்வையாளர் வரிசை காலியாக இருந்தது.

"சார், அம்சவல்லியக்கா நெல்ல இன்னிக்குப் போட்டுரலாமா? கெழக்கால கறுத்துக்கிட்டு வருது" என்று நான் ஒரு கருத்தை முன்வைத்தேன்.

"போட்டுட்டா?"

"வீட்டுக்குப் போயிடும் சார். நாத்துப் பறிக்கணுமாம்."

"வீட்டுக்குப் போயிட்டா, காத்திருக்கிறது யாரு?"

தலைவர் என் தோளில் கைவைத்தார். "ஜெரால்ட், இத்தன வருஷமா நான் எழுதின ஒரு பாத்திரத்துக்குக்கூட உசுரு வரல. மொத மொதலா ஒண்ணுக்கு வந்திருக்கு. அது முழுசா வளர்றதுக்குள்ள பட்டியலப் போட்டு அனுப்பச் சொல்றியா? நீ செயலாளரா, கொலைகாரனா?" என்றார். 'பாத்திரம் முழு வளர்ச்சி அடையும் வரை மேற்படியாரின் நெல்லை எடைபோடுவதை ஒத்திவைப்பது' என்ற தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. செயலாளர் நன்றி கூறினார்.

ஈரநெஞ்சனின் மனைவி ஃபிளோரா டீச்சர் மதியச் சாப்பாடு கொண்டுவந்தபோது களத்தைக் கடந்துதான் வந்தார். அம்சவல்லியோடு இரண்டு வார்த்தை பேசிவிட்டு உள்ளே வந்தவர், "ஏங்க, அந்தம்மா நெல்லப் போட்டு அனுப்பிடுங்களேன். சரியாத் தூங்கிக்கூட இருக்காது போல" என்றார்.

"ஃபிளோரா, தட்டையான பாத்திரம் மாதிரி பேசாத."

"தட்டையான பாத்திரத்துலதான் கொழம்பு இருக்கு. சிந்தாம ஊத்திக்கங்க" என்று வைத்துவிட்டுப் போனார் டீச்சர். மேதைகளின் மனைவிகளுக்கு இலக்கியம் பிடிபடுவதில்லை.

களத்தில் ஒவ்வொருவராக விற்றுவிட்டுப் போனார்கள். அம்சவல்லியின் குவியல் மட்டும் நடுவில் நின்றது. எங்கே மனம் தளர்கிறது, எங்கே நம்பிக்கை மீள்கிறது என்று ஈரநெஞ்சன் சன்னலிலிருந்து கவனித்து எழுதிக்கொண்டே இருந்தார். அம்சவல்லி தினமும் வந்து சன்னலில் நின்றார். "நாளைக்குப் பாக்கலாம்மா" என்று ஈரநெஞ்சனும் தினமும் கனிவோடு சொன்னார். அந்தக் கனிவை நான் மறக்கவே முடியாது. கடைசியில் இராஜாங்கத்துக்கே மனசு கேட்கவில்லை.

"அக்கா, நான் சொல்றதக் கேளுங்க. எம் மாட்டச் சொல்லிடுங்க. இன்னொரு தடவ சாவட்டும், ஒண்ணும் ஆயிடாது."

"எங்கிட்ட மாடே இல்லியே தம்பி."

"எங்கிட்ட மட்டும் செத்ததா இருந்திச்சு?"

பாவம், அம்சவல்லி அதற்கும் துணிந்தார். நாற்றங்காலில் நாற்று மஞ்சளடிக்கத் தொடங்கியதாகத் தகவல் வந்திருந்தது. காலையில் முகம் கழுவிக்கொண்டு, தலையை வாரிக்கொண்டு, சன்னலுக்கு வந்து நின்றார். பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பவர்போல் கையைக் கட்டிக்கொண்டார்.

"எம் பசுமாடு செத்துப்போச்சு சார். அது சாவுறப்ப எம் வேட்டி நுனிய..."

நிறுத்தினார். உதட்டைக் கடித்துப் பார்த்தார். முடியவில்லை. சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஈரநெஞ்சன் மட்டும் சிரிக்கவில்லை. "பாத்திரம் இயல்ப மீறுது. இந்தக் கட்டத்துல அவ சிரிச்சா வாசகன் நம்பமாட்டான்" என்று கவலையோடு சொல்லிவிட்டு, அந்த நாளையும் ஒத்திவைத்தார்.

மறுநாள் மதியம் மழை வந்தது.

சாரல், தூறல் என்ற முன்னறிவிப்பு ஏதும் இல்லாமல், வரும்போதே கொட்டிக்கொண்டு வந்தது. நிலையத்தில் ஓட்டை இல்லாத படுதா ஒன்றுதான் உண்டு. களத்தில் நெல் நனையாமல் மூடுவதற்காக அரசாங்கம் கொடுத்தது. அலுவலகக் கூரை ஒழுகும் என்பதால், அந்தப் படுதா அப்போது மாலுமியையும், தேங்காய்க் குடும்பத்தையும், ரயில்வே கேட்டையும் மூடிக்கொண்டிருந்தது. "சார், படுதா இருந்தாக் குடுங்க சார்" என்று அம்சவல்லி களத்திலிருந்து கத்தினார். அது இலக்கியப் பணியில் இருப்பதை அந்த நேரத்தில் அவருக்கு விளக்க முடியவில்லை.

அவர் உரச் சாக்குகளைக் கிழித்து இழுத்து மூடினார். காற்று ஒரு பக்கம் தூக்க, செங்கல்லை எடுத்து வைத்தார். தண்ணீர் குவியலுக்கு அடியில் போகாமல் இருக்க, கையாலேயே மண்ணைப் பறித்துச் சுற்றிலும் வடிகால் போட்டார். ஈரநெஞ்சன் சன்னலில் நின்று, கைப்பேசியில் பேசிப் பதிந்துகொண்டிருந்தார். "ஓடுகிறாள். குனிகிறாள். விரல் நகம் பெயர்ந்தது அவளுக்குத் தெரியவில்லை." பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஜெரால்ட், முகம் தெரிய மாட்டேங்குது. கொஞ்சம் இந்தப் பக்கமா திரும்பச் சொல்லு."

நான் நனைந்துகொண்டே போனேன். "அக்கா, சார் உங்கள கொஞ்சம் இப்படித் திரும்பச் சொல்றாரு."

"எதுக்குத் தம்பி?"

"நாவலுக்கு."

அம்சவல்லி என்னைப் பார்த்தார். திரும்பவும் மண்ணைப் பறிக்கத் தொடங்கினார். நான் அங்கேயே நனைந்துகொண்டு நின்றேன். இலக்கியம் என்னை முதன்முதலாகத் தொட்ட தருணம் அதுவாகத்தான் இருக்கவேண்டும். மண்ணை அள்ளப் போயிருக்கலாம். ஆனால் உள்ளேயிருந்து சார் கூப்பிட்டார், நான் வந்துவிட்டேன்.

மழை சில நாள் விட்டு விட்டுப் பெய்தது. வெயில் எட்டிப் பார்த்தபோது, குவியலின் அடியில் வெள்ளை வெள்ளையாக முளை விட்டிருந்தது. கருவியில் போட்டுப் பார்த்தேன். ஈரப்பதம் வரம்பைத் தாண்டி எங்கேயோ போயிருந்தது. முளைத்த நெல்லை வாங்கக் கூடாது என்பது விதி. ஈரநெஞ்சன் தாமே களத்துக்கு இறங்கி வந்து, கண் கலங்கி நின்றார். "மனசு கேக்கலம்மா. ஆனா விதின்னு ஒண்ணு இருக்கே. நான் விதிய மீறினவன் இல்ல" என்றார்.

அம்சவல்லி ஒரு கை முளைநெல்லை அள்ளிவந்து அவர் மேசையில் வைத்தார். கத்தவில்லை.

"எழுதி முடிச்சிட்டிங்களா?"

"கடைசி அத்தியாயம் போயிக்கிட்டிருக்கு."

"அதுல எம் நெல்லு என்ன ஆவுது?"

"அத இப்ப சொல்லக் கூடாதும்மா" என்றார் ஈரநெஞ்சன். எழுத்துத் தருமம் என்று ஒன்று இருக்கிறதல்லவா?

நெல் கோழித் தீவனத்துக்குப் போனது. நாற்று முற்றி நாற்றங்காலிலேயே பழுத்துவிட்டது. அந்தப் பருவம் முழுவதும் சுற்றிலும் பச்சையாக இருக்க, வாய்க்கால் ஓரத்தில் அந்த நிலம் மட்டும் தரிசாகக் கிடந்தது. அறிவுமதி விடுமுறைக்கு வந்தபோது, வரப்பில் நின்று அதைப் பார்த்துவிட்டு, அம்மாவிடம் ஒன்றும் கேட்காமல் வீட்டுக்குள் போனாளாம். அதைக் குறித்துக்கொள்ள அங்கே எழுத்தாளர் யாரும் இல்லாமல் போனது இலக்கியத்துக்கு நட்டம்.

நாவல் முடிந்தது. கையெழுத்துப் பிரதி திருச்சிக்குப் போனது. சில நாளில் அனிட்டா மேடம் திரையில் தோன்றினார். கண்கள் சிவந்திருந்தன.

"சார், அழுதுட்டேன். அந்தப் பொண்ணு அப்படியே உசுரோட நிக்கிறா. ஆனா ஒரே ஒரு குறை. அந்த எழுத்தர் பாத்திரம் நம்புற மாதிரி இல்ல."

"ஏன் மேடம்?" என்றார் ஈரநெஞ்சன்.

"ஒரு பொம்பளையோட முகம் எப்படி மாறுதுன்னு பாக்கறதுக்காக, வேற ஒரு லாபமும் இல்லாம, அவ நெல்ல மழையில விட்டு வேடிக்கை பாக்கறான்னு எழுதிருக்கீங்க. உலகத்துல அப்படி ஒரு மனுஷன் இருப்பானா சார்? வாசகன் புத்தகத்த மூடிடுவான். அவனுக்கு ஒரு மனுஷத்தனமான பலவீனம் குடுங்க."

"என்ன பலவீனம்?"

"லஞ்சம் வாங்கட்டுமே."

ஈரநெஞ்சன் துடித்துப்போனார். "லஞ்சமா? எழுத்தரா? என் பேனாவாலயா?" என்று அன்று முழுவதும் புலம்பினார். சாப்பிடவில்லை. ஆனால் கலைக்காகக் கொள்கையையும் விட்டுக்கொடுப்பவன்தானே கலைஞன்? கடைசி அத்தியாயம் மாற்றி எழுதப்பட்டது. அதில் எழுத்தர் கை நீட்டிக் காசு வாங்குகிறார். வாங்கியதும், முதல் துளி விழும் முன்பே, நெல்லை எடை போட்டு அனுப்பிவிடுகிறார். நாயகி ஆனந்தக் கண்ணீரோடு நாற்றுப் பறிக்க ஓடுகிறாள். எழுத்தர் உடனே நம்பும்படி ஆகிவிட்டார்.

தஞ்சாவூரில் பெரிய மண்டபம் பிடித்து வெளியீட்டு விழா நடந்தது. வாழை மரம், நாகசுரம், மூன்று பொன்னாடைகள். அனிட்டா மேடம் தலைமை. "உழவரின் கண்ணீரை இவ்வளவு நெருக்கத்தில் நின்று பார்த்தவர் இவர் ஒருவரே" என்று அவர் முழங்கியபோது அரங்கம் அதிர்ந்தது. அது முழுக்க உண்மை என்பதற்கு நான் சாட்சி. முன்வரிசையில் ஃபிளோரா டீச்சர் எங்கேயோ பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பிறகு, நாயகியின் 'உயிர் வடிவம்' என்று அறிவித்து அம்சவல்லியை மேடைக்கு அழைத்தார்கள். வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். மகளோடு வந்திருந்தார். போர்த்திய பொன்னாடையை எடுத்து மகள் கையில் கொடுத்துவிட்டு, ஒலிபெருக்கியின் முன்னால் நின்றார். ஈரநெஞ்சன் என் காதருகில் குனிந்து, "பாரு, இப்ப அழப்போறா" என்றார்.

"எல்லாருக்கும் வணக்கங்க. எனக்குப் பேசிப் பழக்கமில்ல. புத்தகத்தப் படிச்சேன். ராத்திரி சமையலக்கூட போட்டுட்டுப் படிச்சேன். அந்தப் பொண்ணு பாவம், ரொம்ப அழுவுது. நான் அவ்வளவு அழுவல. பரவால்ல, அதுக்காவது நெல்லு போயிடுச்சு, நாத்து நட்டுடுச்சு. அது போதும். எனக்கு அதுல ரொம்பப் புடிச்சது அந்த ஆபீசருதான்."

அரங்கம் கைதட்டியது. ஈரநெஞ்சன் தலையைத் தாழ்த்தி வணங்கினார். சத்தம் அடங்கும்வரை அம்சவல்லி காத்திருந்தார். காத்திருந்து பழகியவர்தானே. பிறகு ஈரநெஞ்சன் பக்கமாகத் திரும்பினார்.

"காசு வாங்குனாலும் அவரு மனுசன். வாங்குன காசுக்கு நெல்லப் போட்டுட்டாரு. நீங்களும் எங்கிட்ட காசே கேட்டிருக்கலாம் சார். யாரு கைல கால்ல விழுந்தாவது பொரட்டிக் குடுத்துட்டு, எம் நெல்லக் காப்பாத்தியிருப்பேன்."